சம்பந்தமில்லாத பதில்கள்

“இன்னைக்கு என்ன கிழமை?” என்று கேட்டான் தம்பி. அதிகாரி பேனா பிடிப்பதுபோலக் கையில் ஒரு கரண்டியைப் பிடித்திருந்தான்.

“புதன்” என்றாள் மைக்கக்கா. சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அய்யோ அண்ணி!” தம்பி மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “புதன்னு எங்களுக்கும்தான் தெரியும். தப்பாச் சொல்லணும் அண்ணி, தப்பா! எத்தன தடவ சொல்றது?”

“சட்டுனு வாய்ல வந்துடுச்சும்மா. யாராவது ஒண்ணு கேட்டா சரியான பதிலச் சொல்லிச் சொல்லியே பழகிட்டேன். இத்தன வருஷம் கழிச்சு திடீர்னு தப்பாச் சொல்லுன்னா எப்படி வரும்?”

அதென்னவோ உண்மைதான். மைக்கக்கா பஸ் நிலையத்து விசாரணைக் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவள். எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து, யாருடைய பை யாரிடம் இருக்கிறது என்று நாள் முழுக்க மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பாள். கேட்க வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மூக்குக்கு நேரே பலகையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வந்து, “மேடம், அந்த பஸ் எப்ப கிளம்பும்?” என்பான் ஒருத்தன். “டிரைவர் ஏறினதும்” என்பாள். “இது எங்க போகும்?” என்பான் இன்னொருத்தன். “நீங்க எங்க போகணும்னு நெனைக்கறீங்களோ அங்க மட்டும் போகாது” என்பாள். வரிசையே சிரிக்கும். கேட்டவனும் சிரித்துவிட்டு, அதற்குள் அவள் சொல்லியிருக்கும் சரியான மேடையைப் பார்த்து ஓடுவான். அந்தச் சிரிப்புக்காகவே அவள் ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை. மைக்கக்கா என்ற பெயர் அங்கே ஒட்டியது. பெற்றவர்கள் வைத்த பெயர் அப்புறம் மருத்துவமனைச் சீட்டில் மட்டும்தான் புழங்கியது.

ஒருநாள் மைக் கையிலிருந்து நழுவியது. மரத்துப்போயிருக்கும் என்று உதறிவிட்டு எடுத்தாள். மறுபடி நழுவியது. தசை கரைகிற வியாதி என்று டாக்டர் சொன்னார். கை, கால், இடுப்பு என்று ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டு போய், வியாதி கழுத்தடியில் வந்து நின்றது. அதற்கு மேலே இருந்ததெல்லாம் அப்படியே இருந்தது. கண், காது, புத்தி, நாக்கு. நாக்கு முன்னைவிடக் கூர். மற்ற உறுப்பெல்லாம் வேலையை விட்டுவிட்டதால் அந்தச் சம்பளத்தையும் நாக்கே வாங்கிக்கொள்கிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கல்யாணம் கட்டாதவள். தம்பி வீட்டு ஹாலில், ஜன்னலோரம் அவளுக்குக் கட்டில். தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவிக்கு மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிற சலவைக்கூடத்தில் வேலை. இரண்டு பேரும் காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார்கள். நடுவில் மைக்கக்காவைத் தாங்கியது அரசாங்கத்தின் வீட்டுப் பராமரிப்புத் திட்டம்தான். காலையிலும் சாயங்காலமும் ஓர் அம்மாள் வந்து குளிப்பாட்டி, துணி மாற்றி, ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போவாள். மத்தியானமும் ஒரு நடை எட்டிப் பார்ப்பாள். அந்த அம்மாளுக்கு மைக்கக்கா வைத்த பெயர் ‘கவர்மெண்டு’. “என்ன கவர்மெண்டு, இன்னைக்கு லேட்டு? மந்திரிசபை கூடிச்சா?” என்பாள். “கவர்மெண்டு கை வெச்சா எல்லாம் சில்லிட்டுப் போயிடும்னு சொல்லுவாங்க, சரியாத்தான் இருக்கு, வெந்நீர்ல நனைச்சுட்டு வா” என்பாள். கவர்மெண்டு வாய்விட்டுச் சிரிக்கும். பத்து வீடு ஏறி இறங்குகிற அந்தப் பெண்மணி சிரிக்கிற ஒரே வீடு இதுதான் என்று மைக்கக்காவுக்கு ஒரு பெருமை.

எல்லாம் ஒரு போனால் கெட்டது. வருஷத்துக்கு ஒருமுறை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள். கையைத் தூக்கிவிட்டால் அது தொப்பென்று விழும். அதைப் பார்த்ததும் “சரிம்மா” என்று கிளம்பிவிடுவார்கள். இந்த வருஷம் ஆள் பற்றாக்குறையாம், போனிலேயே விசாரிக்கிறார்களாம். தம்பி விடுப்பிலிருந்த நாள் அது. “உன்கிட்டதான் பேசணுமாம்” என்று போனைத் தலையணையில் சாய்த்துவைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். அந்தப் பக்கம் ஒரு சின்னப் பையன் குரல்.

“சாப்பாடெல்லாம் எப்படிம்மா?”

“வாயாலதான் சார்.”

அந்தப் பக்கம் குபீரென்று ஒரு சிரிப்பு. போதாதா? மைக்கக்காவுக்குப் பழைய கவுன்டரில் உட்கார்ந்தாற்போல் ஆகிவிட்டது.

“குளிக்கறதுல சிரமம் இருக்கா?”

“எனக்கென்ன சிரமம்? தண்ணிக்குத்தான் சிரமம்.”

“வெளியில போறது வர்றது?”

“நீங்க டிக்கெட் எடுங்க, எங்க வேணாலும் வரேன்.”

“வீட்டு விஷயமெல்லாம் யாரும்மா பாத்துக்கறாங்க?”

“வேற யாரு? எல்லாத்தையும் நான்தான் பாத்துக்கறேன். காலையில கண்ணத் தொறந்தா மூடற வரைக்கும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.”

அவள் சொன்னதில் எழுத்துக்கு எழுத்து பொய் இல்லை. படுத்த இடத்திலிருந்து கூரையை, ஜன்னலை, தம்பி மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தை எங்கே வைக்கிறாள் என்பதைப் பார்ப்பது தவிர அவளுக்கு வேறு என்ன வேலை? ஆனால் நம் பாஷையில் படுத்துக்கொண்டு பார்க்கிறவளும் பாத்துக்கறாள், எழுந்து நின்று தாங்குகிறவளும் பாத்துக்கறாள். பையனுக்கு இரண்டாவதுதான் காதில் விழுந்தது. “சூப்பர்மா. உங்கள மாதிரி தெம்பாப் பேசறவங்களக் கேட்டாலே எங்களுக்குத் தெம்பு வருது” என்று சொல்லி வைத்தான். அன்று முழுக்க மைக்கக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தலை சரி, கால் எங்கே புரியப்போகிறது என்று அதற்கும் ஒரு சிரிப்பு. சாயங்காலம் கவர்மெண்டு வந்ததும் ஒரு வரி விடாமல் நடித்துக் காட்டினாள்.

மறுவாரம் கவர்மெண்டு வாசலிலேயே நின்றாள். இந்த வீட்டுக்கு இனிமேல் போக வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லிவிட்டார்களாம். எல்லாவற்றையும் அந்தம்மாவே பாத்துக்கறாங்களாம்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லவே கூசுகிறது. விடிவதற்கு முன் தம்பி மனைவி எழுந்து, ஈரத்துணியால் மைக்கக்காவைத் துடைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். கையில் இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்ட தழும்புகள், மனசில் அதைவிட. பேச்சில் ஒன்றும் காட்டமாட்டாள், துடைப்பில் காட்டுவாள். “தண்ணி கம்மியாக் குடிங்க அண்ணி” என்று ஒருநாள் சொன்னாள். அதற்கு அடுத்த நாள் டம்ளரில் பாதிதான் இருந்தது. எப்படியும் நனைந்துவிடும். நனைந்த இடத்திலேயே சாயங்காலம்வரை கிடக்க வேண்டும். வெளியே பூட்டு. முதுகில் தோல் கிழிந்து, அந்த வாடை ஜன்னலைத் திறந்தாலும் போகாது. மனைவிக்கு முடியாத நாளில் தம்பி செய்வான். முகத்தை ஒருபக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கழுவிவிடுவான். “டேய், கண்ண மூடிக்கிட்டுக் கழுவாதடா, அட்ரஸ் மாறிப் போயிடும்” என்றாள் ஒருநாள். அவன் சிரிக்கவில்லை. பேசினால் ஒருத்தரும் சிரிக்காத வீட்டில் இருப்பது அவளுக்கு முதுகுப் புண்ணைவிட எரிந்தது.

தம்பி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தான். அங்கே அந்தப் போன் பேச்சைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். போட்டும் காட்டினார்கள். மைக்கக்காவின் கணீர்க் குரல் அந்த அலுவலகம் முழுக்க ஒலிக்க, மேசைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்களாம். “இவங்களுக்கு என்ன சார் குறை? அவங்களே சொல்றாங்களே!” என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்கு முன்னால் நின்றான்.

“உன் வாய் இருக்கே வாய்” என்றான்.

“வாயக் குடுத்து மாட்டிக்கிட்டோம்” என்றாள் தம்பி மனைவி. ‘மாட்டிக்கிட்டீங்க’ என்று சொல்லாமல் ‘மாட்டிக்கிட்டோம்’ என்றாளே, அந்த மட்டும் நல்ல பெண்தான்.

வழி சொன்னது கவர்மெண்டு. வேலை நிறுத்தப்பட்ட பிறகும் மனசு கேளாமல் சாயங்காலம் போகிற வழியில் எட்டிப் பார்ப்பாள், புண்ணுக்கு மருந்து தடவிவிடுவாள். “நான் சொன்னேன்னு வெளிய தெரியக்கூடாது” என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “அந்தப் பதிவு இருக்கற வரைக்கும் நீங்க என்ன சொன்னாலும் நம்பமாட்டாங்க. அன்னைக்கு அக்கா பேசினது புத்தி தடுமாறிப் பேசினதுன்னு சொல்லிட்டா? அந்தப் பேச்சே செல்லாமப் போயிடும். அடுத்த தெருவுல ஒரு பெரியவர், எங்க ஆளு ஒருத்தி போற வீடு. அவருக்கு மறதி. உடம்பு முடியலன்னா மணிக்கணக்கு பாக்கறாங்க, புத்தி சரியில்லன்னா நாள் முழுக்க ஆள் போடறாங்க.”

நாள் முழுக்க என்ற சொல் அந்த வீட்டில் ஒரு நிமிஷம் நின்றது. ஜாடிக்கு மூடியாய்ப் பொருந்தியது யோசனை. தம்பி நேரில் வந்து பார்க்கச் சொல்லி மனுப் போட்டான். அக்காவுக்கு நினைவு தப்பிவிட்டது, அன்று பேசியதும் அப்படித்தான் என்றான். அதிகாரி வருகிற நாளும் வந்துவிட்டது. அதற்குத்தான் இந்தக் கரண்டி ஒத்திகை.

“சரி, மறுபடி கேக்கறேன்” என்றான் தம்பி. “இன்னைக்கு என்ன கிழமை?”

மைக்கக்கா கண்ணை மூடினாள். திறந்தபோது ஆளே மாறியிருந்தாள்.

“பயணிகள் கவனத்திற்கு” என்றாள், பழைய மைக் குரலில். “நாலாவது மேடைக்கு யாரும் போகாதீங்க. நாய் குட்டி போட்டிருக்கு.”

தம்பி கரண்டியை இறக்கினான். அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். எத்தனை நாளாயிற்று அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு! “அண்ணி, இதே போதும், இதே போதும்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வந்த அதிகாரி ஒரு பெண்மணி. நாற்பதைத் தாண்டியவள், மூட்டுவலிக்காரி, படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. பேச்சில் அப்படியொரு பதவிசு. தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொடுத்ததும் பாதி குடித்தாள். முன்பு வேலை செய்த பராமரிப்பாளரும் கூட இருக்க வேண்டும் என்று கேட்டிருந்ததால் கவர்மெண்டும் வந்து கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். அதிகாரியம்மா நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, மைக்கக்காவின் உயிரில்லாத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அம்மா, சாப்டீங்களா?”

“மூணாவது மேடையில நிக்குது. ஓடுங்க, கிளம்பிடும்.”

அதிகாரியம்மாவின் புருவம் ஏறியது. “இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பாப்போம்.”

“கிழமைக்கெல்லாம் முன்பதிவு கெடையாது. நின்னுக்கிட்டுத்தான் போகணும்.”

“சரி. இவரு யாரு, தெரியுதா?” தம்பியைக் காட்டினாள்.

மைக்கக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். இந்த இடத்துக்காகவே அவள் காலையிலிருந்து காத்திருந்தாள். “இவனா? பிக்பாக்கெட். மூஞ்சியப் பாத்து ஏமாந்துடாதீங்க. பைய மடியிலயே வெச்சுக்குங்க.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் சிரிப்பை அடக்குகிறான் என்பது மைக்கக்காவுக்குத் தெரிந்தது, அதிகாரியம்மாவுக்கு அது அழுகையாகத் தெரிந்தது. தலைமாட்டில் நின்ற கவர்மெண்டு கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மைக்கக்காவுக்குக் குஷி தாங்கவில்லை. எத்தனை வருஷம் கழித்து ஒரு கூட்டம், அவள் வாயையே பார்த்துக்கொண்டு! கழிப்பிடம் இடது பக்கம் என்றாள். மஞ்சள் பையைத் தொலைத்த பெரியவர் உடனே வரவும் என்றாள். அதிகாரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“என்ன வேலை பாத்தாங்க?”

“பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்லிக்கிட்டிருந்தாங்க மேடம்” என்றாள் தம்பி மனைவி.

“அங்கயே நின்னுட்டாங்க, பாவம். போன்ல பேசினதும் இந்த மாதிரிதான்னு இப்ப புரியுது. அந்தப் பையனச் சொல்லணும். அந்தப் பதிவ எடுத்துடச் சொல்றேன், கவலப்படாதீங்க.”

ஜெயித்தாயிற்று. கவர்மெண்டின் கை மெல்ல வந்து மைக்கக்காவின் தோளை ஒருமுறை அழுத்தியது. தோளில் அசைவுதான் இல்லை, உணர்ச்சி இருந்தது, அழுத்தியதை அவள் வாங்கிக்கொண்டாள்.

“ஆனா ஒண்ணு” என்றாள் அதிகாரியம்மா, தம்பியின் பக்கம் திரும்பி. கட்டிலில் கிடப்பவளுக்கும் கேட்குமே என்று அவள் யோசிக்கவில்லை. “உடம்பு மட்டும் முடியாம புத்தி தெளிவா இருந்தா, வீட்டுக்கு ஆள் அனுப்பறதுல ஒரு கஷ்டமும் இல்ல. வேணும்கறத வாயத் தொறந்து கேப்பாங்க. இவங்க அப்படி இல்ல. நீங்க ரெண்டு பேரும் வெளிய பூட்டிட்டுப் போறீங்க. ஒரு தீப் புடிச்சா கத்தக்கூடத் தெரியாது. இந்த நிலமையில இருக்கறவங்கள வீட்டுல விடறதுக்கு இப்ப எங்களுக்கு அனுமதி இல்ல.”

“மேடம்” என்றாள் கவர்மெண்டு. “அடுத்த தெருவுல ஒரு பெரியவருக்கு நாள் முழுக்க ஆள்...”

“அது பழைய விதிம்மா. அவரையும் இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போயாச்சு.” மறுபடி தம்பியிடம் திரும்பினாள். “ஊருக்கு வெளிய நம்ம இல்லம் இருக்கு. உடனே இடம் கிடைக்கறது கஷ்டம், ஆனா நேத்துதான் ஒரு கட்டில் காலியாச்சு. உங்க அதிர்ஷ்டம். இவங்களால முடிவெடுக்க முடியாதுங்கறதால பொறுப்பானவர் நீங்க சரின்னா போதும். நாளைக்கே வண்டி அனுப்பறேன்.”

மைக்கக்கா தம்பியைப் பார்த்தாள். இப்போது சொல்வான், இல்லீங்க மேடம், எங்க வீட்டுலயே இருக்கட்டும் என்று. அவள் தூக்கி வளர்த்தவன். பள்ளிக்கூடத்தில் அவனை அடித்தவனைத் தேடிப்போய் அடித்தவள் அவள். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. அடப் பாவி, இவனும் நன்றாக நடிக்கிறானே என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அப்புறம் அவன் மனைவியைப் பார்த்தாள். அவள் ஜன்னலோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே கட்டிலே இல்லாததுபோல. அவள் கை கணவனின் முழங்கையைத் தொட்டது. தொட்டது அவ்வளவுதான், தள்ளவில்லை, இழுக்கவில்லை.

“அங்க நல்லாப் பாத்துப்பாங்களா?” என்றான் தம்பி.

இந்தக் கேள்வியைக் கேட்கிறவன் ஏற்கெனவே சம்மதித்துவிட்டான். கவுன்டரில் இருந்தவளுக்கு அது தெரியாதா? கடைசி பஸ்ஸைப் பற்றிக் கேட்கிறவன் போவதா வேண்டாமா என்று கேட்பதில்லை. மைக்கக்காவுக்குப் பயம் வந்தது. வியாதி வந்தபோதுகூட வராத பயம்.

“டேய்” என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“போதும்டா. நிறுத்து. மேடம், இங்க பாருங்க. நான் நடிச்சேன். எனக்குப் புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இவன் என் தம்பி. கூடப் பொறந்தவன். ஆள் வராம நிறுத்திட்டீங்க, அதுக்காகச் சும்மா நடிச்சோம். நான் எங்கயும் போகமாட்டேன்.”

“சரிம்மா” என்றாள் அதிகாரியம்மா. “சரி. நடிச்சீங்க. அழக்கூடாது.”

“நான் அழல! நெசமாத்தான் சொல்றேன். நீங்க வந்ததும் தண்ணி வேணாம்னீங்க, குடுத்ததும் பாதி குடிச்சீங்க. வலது முட்டி வலி, இடது கால ஊணித்தான் உக்காந்தீங்க. நேத்து ஒரு கட்டில் காலியாச்சுன்னு சொன்னீங்க. புத்தி கெட்டவளுக்கு இதெல்லாம் தெரியுமா? கேளுங்க, என்ன வேணா கேளுங்க, சொல்றேன்.”

அதிகாரியம்மாவின் கை நின்றது. மடியிலிருந்த மைக்கக்காவின் கையை மெத்தையில் வைத்துவிட்டு, அவள் கண்ணை உற்றுப் பார்த்தாள். நல்ல மனுஷி. தப்பு நடந்துவிடக் கூடாது என்ற பயம் அவள் முகத்தில் நிஜமாகவே தெரிந்தது. “என்ன சார் இது?” என்றாள் தம்பியிடம். “இப்ப சொல்றதுதான் நெசமா?”

நிஜம் என்றால் மூன்று பேரும் பொய்யர்கள். அரசாங்கத்தை ஏமாற்றியவர்கள். தம்பி கூரையில் எதையோ தேடினான்.

“அண்ணி எப்பவுமே வெளையாட்டாத்தான் பேசுவாங்க” என்றாள் அவன் மனைவி.

அதிகாரியம்மா அதை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் கவர்மெண்டிடம் திரும்பினாள். “நீங்க தினமும் பாத்தவங்க. வீட்டு ஆளும் இல்ல. நீங்க சொல்லுங்க. உங்க பேச்சத்தான் நான் நம்பணும்.”

மைக்கக்காவால் தலைமாட்டைப் பார்க்க முடியாது. கழுத்து அவ்வளவு வளையாது. கம்பியைப் பிடித்திருந்த கையின் முட்டிகள் மட்டும் கண்ணோரத்தில் தெரிந்தன. சொல்லு கவர்மெண்டு என்று மனசுக்குள் கெஞ்சினாள். வாயைத் திறந்து கெஞ்சியிருக்கலாம். ஆனால் யோசனை சொன்னது நீதானே என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும், பத்து வீடும் போய்விடும். அதை நினைத்து அவள் பேசாமல் இருந்தாள். எல்லாவற்றையும் பேசி வளர்ந்த வாய், பேச வேண்டிய இடத்தில் இரக்கம் பார்த்தது.

“நடு நடுவுல இப்படித் தெளியும் மேடம்” என்றாள் கவர்மெண்டு. “நல்லா இருக்கற மாதிரியே பேசுவாங்க. நம்ம கட்டியிருக்கற புடவை மொதக்கொண்டு சொல்லுவாங்க. கொஞ்ச நேரந்தான். அப்புறம் மறுபடி போயிடும்.”

அதிகாரியம்மாவின் முகம் இளகியது. அவளுக்கு அது நிம்மதி. “அதான் இந்த வியாதியோட கொடுமை” என்றாள். “பாக்கறவங்களுக்கு ஆசை காட்டும்.” எழுந்து தம்பியோடு மேசைப் பக்கம் போனாள், எதில் எங்கே ஒப்பம் வைக்க வேண்டும் என்று காட்டுவதற்கு. தம்பி மனைவி பேனா தேடினாள்.

மைக்கக்கா கத்துவதற்கு வாயைத் திறந்தாள். நான் தெளிவாக இருக்கிறேன் என்று கத்தினால் இப்போது தெளிந்திருக்கிறது என்பார்கள். அறிவிப்புச் சொன்னால் போய்விட்டது என்பார்கள். கெட்ட வார்த்தை சொன்னால் முற்றிவிட்டது என்பார்கள். அழுதால் பாவம் என்பார்கள். பேசாமல் இருந்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அவளுக்குத் தெரிந்த அத்தனை சொற்களிலும் ஒன்றுகூட அவளுடையதாக இல்லை. ஒரு முடிக்கற்றை நெற்றியிலிருந்து சரிந்து கண்ணுக்குள் விழுந்து உறுத்தியது. கண் தானாகவே நீர் விட்டது.

கவர்மெண்டு தலைமாட்டிலிருந்து சுற்றிக்கொண்டு வந்தாள். பழக்கதோஷம், கை தானாக நீண்டது. முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகினாள். கண்ணைத் துடைத்தாள். உதட்டோரம் வழிந்திருந்த எச்சிலை விரலால் வழித்தாள். எல்லாம் எப்போதும்போல், ஒரு குறையும் இல்லாமல், முகத்தை மட்டும் பார்க்காமல்.

மைக்கக்கா அந்த விரலைக் கடித்தாள்.

அவளுக்கு மிச்சமிருந்த பலம் அத்தனையும் தாடையில்தான் இருந்தது. பல் சதையில் இறங்கியது தெரிந்தது. கவர்மெண்டின் உடம்பு ஒருமுறை உதறியது. கத்துவாள், கையை உதறிக்கொண்டு துள்ளுவாள், அவர்கள் ஓடிவருவார்கள் என்று மைக்கக்கா காத்திருந்தாள்.

கவர்மெண்டு கையை இழுக்கவில்லை. ஓர் அடி நகர்ந்து, மேசைப் பக்கம் முழுமுதுகையும் காட்டிக்கொண்டு கட்டிலை மறைத்து நின்றாள். இன்னொரு கையால் மைக்கக்காவின் தலையை மெல்லத் தாங்கினாள், ஊட்டும்போது தாங்குவதுபோல.

“என்னம்மா அங்க?” என்றாள் அதிகாரியம்மா, குனிந்து எதையோ காட்டியபடியே.

“ஒண்ணும் இல்ல மேடம்” என்றாள் கவர்மெண்டு. “வாய் தொடச்சு விடறேன்.”

மைக்கக்கா விடவில்லை. நாக்கில் உப்புக் கரித்தது. முதல்முறையாக கவர்மெண்டு குனிந்து அவள் கண்ணைப் பார்த்தாள். விரலை இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்தாள். மேசைப் பக்கம் பேனா எழுதவில்லை என்று தம்பி உதறிக்கொண்டிருந்தான்.